பெட்டிக்கேற்ற குச்சி

தோழியரே, தீக்குச்சியைச் சுவரில் உரசிப் பாருங்கள். பற்றாது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு; பெட்டியின் பக்கத்திலோ சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. ஆனால் ஒரு புழுவின் உடலிலும் இதே கதை நடக்கிறது!

அப்புழு சினோரப்டைடிஸ் எலிகன்ஸ். மண்ணில் வாழும் உருளைப்புழு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். சிட்னி பிரென்னர் 1960களில் இதனை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். நமக்கு அருகில், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இதனை வளர்த்து ஆராய்கின்றனர்.

செல்லுக்குள் பழுதான புரதங்களின்மேல், யுபிகுயிட்டின் என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் லேபிள்போல ஒட்டப்படும். லேபிள் ஏறிய புரதத்தைப் புரோட்டியசோம் துண்டு துண்டாக்கிவிடும். இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். (எல்லா லேபிளும் அழிவுக்கன்று, சில வேறு வேலைக்கு.)

லேபிள் மூன்று கை மாறுகிறது. ஈ-1 நொதி அதைத் தயார் செய்யும். ஈ-2 ஏந்திச் செல்லும். ஈ-3 உரிய புரதத்தைக் காட்டிக் கொடுக்கும். ஈ-2 வகைகள் இருபதை ஒட்டியே. ஈ-3 வகைகளோ நூற்றுக்கணக்கில். யார் யாருடன் சேர்வது?

லெட்-70 என்னும் ஈ-2 பலரோடும் சேரும். யூபிசி-18 அப்படியன்று. இதன் மரபணு மட்டும் கெட்டால் புழு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். லின்-35 என்னும் மரபணுவும் சேர்ந்து கெட்டால், குஞ்சுப் புழுவின் தொண்டை சரியாக நீள்வதில்லை. உண்ண முடியாமல் பட்டினியால் சாகும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபே குழுவினர் 2003இல் இதனை வெளியிட்டனர்.

தீப்பெட்டி ஆபீசில் வெகுகாலம் மருந்து முக்கிய என் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "குச்சியை மட்டும் பாத்தா போதுமா தாயி? பட்டை நமுத்தாலும் பத்தாதே!" என்றார். அந்தப் பட்டையையும் பார்த்துவிட்டார்கள், 2006இல். ஏஆர்ஐ-1 என்னும் ஈ-3ஐக் குறைத்தபோதும் அதே தொண்டைக் கோளாறு வந்தது. ஜோடி இதுவே.

மனிதரிலும் இதற்கு இணையான ஜோடி உண்டு. அந்த மனித ஈ-2, லேபிளைப் புரதத்தின் லைசினில் நேரே ஒட்டாது. முதலில் ஈ-3இன் சிஸ்டீன்மேல் ஒப்படைக்கும் என 2011இல் அறிந்தனர். அப்படி வாங்கிக்கொள்ளும் சிஸ்டீன் இல்லாத ஈ-3இடம் அதற்கு வேலையில்லை. நமுத்த பட்டை என்ன, பட்டையே இல்லை!

ஏஆர்ஐ-1இன் குடும்பத்தில் பார்கின் என்றொரு ஈ-3 உண்டு. இளவயதில் பரம்பரையாக வரும் ஒருவகை நடுக்குவாதத்துக்கு அதன் மரபணுப் பழுதே காரணம் என்று ஜப்பானியர் 1998இல் கண்டனர். தாத்தாவுக்கு வந்திருப்பது முதுமையில் வந்த நடுக்குவாதம். மாலையில் மின்சாரம் போனால் அவர் தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்வார்; குச்சியை நான் உரசுவேன்.