மூடிய மின்வாயின் நினைவாற்றல்

படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடி விழாவுக்கு மின்விளக்குக் கட்டுபவரிடம் 'டெஸ்டர்' இருக்கும். அதிலுள்ள சிறு நியான் விளக்கில் இரண்டு உலோக மின்வாய்கள் உண்டு. வாயுவில் மின்சாரம் பாயும்போது, நேர் அயனிகள் எதிர்மின்வாயில் மோதி அதைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன.

பிளாஸ்மா திரையின் ஒவ்வொரு புள்ளியும் இத்தகைய ஒரு குட்டி விளக்கே. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அதை உருவாக்கிய பிட்சர், ஸ்லாட்டோ, ஆய்வு மாணவர் வில்சன் ஆகிய மூவரும் மின்வாய்களைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தனர். அயனிகளால் மின்வாயைத் தொட முடியவில்லை. மின்னூட்டம் கண்ணாடிச் சுவரில் சேர்ந்து, மின்னழுத்தத்தை எதிர்த்தது, ஒளி அணைந்தது. மின்னழுத்தம் திசை மாறியதும் அதே மின்னூட்டம் அதற்குத் துணை நின்றது, மீண்டும் ஒளி! எனவே, ஒருமுறை பற்றிய புள்ளி குறைந்த மின்னழுத்தத்திலேயே தொடர்ந்து ஒளிரும். பற்றாத புள்ளி இருண்டே கிடக்கும். இதுவே திரையின் 'நினைவு'.

மாறுதிசை மின்னழுத்தத்துக்குப் பதிலாக நேர்திசை மின்னழுத்தம் கொடுத்தால் இத்திரை தொடர்ந்து ஒளிருமா? சிந்தித்துப் பாருங்கள்.