தேர்வாய் கண்டிகையில் கழிக்கப்படாத கணக்கு

நம்பிக்கை: ‘வளர்ச்சியைக் குறைக்கச் சொல்பவர்கள் நம் ஆலைகளை மூடச் சொல்கிறார்கள்.’

வளர்ச்சிக் குறைப்பைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் கேட்பது, பணக்கார நாடுகள் தங்கள் நுகர்வையும் எரிசக்திச் செலவையும் திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்பதே. நம் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பழைய இரும்பை உருக்கி, கட்டடங்களுக்கான முறுக்குக் கம்பி செய்கிறார்கள். இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ எஃகுதான் பயன்படுகிறது. உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல். மழைக்கு ஒழுகும் கூரை வீட்டில் இருப்பவருக்குக் கான்கிரீட் வீடு வேண்டும், ஊருக்குப் பள்ளிக்கூடமும் பாலமும் வேண்டும். அந்தக் கம்பியைக் குறைக்கச் சொல்வதில் நியாயமே இல்லை.

நம்பிக்கை: ‘வளர்ச்சிக் குறைப்பு வெள்ளைக்காரர்களின் புது யோசனை.’

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, இயற்கையை அழிக்காமல் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1945-லேயே தனி நூல் எழுதிவிட்டார்.

நம்பிக்கை: ‘பெரிய கம்பெனி வந்தால் ஊரே முன்னேறிவிடும்.’

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை, தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கே 1,100 ஏக்கருக்கும் மேலான மேய்க்கால் நிலத்தைச் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக அரசு எடுத்துக்கொண்டது. அரசுப் பதிவேட்டில் அது வெறும் புறம்போக்கு. ஊருக்கோ ஆடு மாடு மேய்ந்ததும், விறகு கிடைத்ததும், மழைநீர் ஏரிக்கு இறங்கியதும் அங்கேதான். மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். பிரான்சின் மிஷலின் நிறுவனம் அங்கே டயர் ஆலை கட்டியது. ஊர்ச் சங்கம் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து 2012-ல் பிரான்சு வரை முறையிட்டது. முறையீட்டை விசாரித்த பிரெஞ்சு அரசின் மையம், பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிகளை மிஷலின் மீறவில்லை என்று 2013-ல் சொன்னது.

நெறி மீறப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இழப்பு எங்கே போயிற்று? நாட்டின் மொத்த உற்பத்தியில் டயர் சேரும், சம்பளம் சேரும். மேய்ச்சல் நிலம் போனதை அதில் யாரும் கழிப்பதில்லை. மேய்க்க இடமில்லாமல் ஒருவர் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கினால், அந்தத் தீவன வியாபாரமும் வளர்ச்சியில்தான் சேரும். தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே, இந்த எண்ணை வைத்து மக்களின் நல்வாழ்வை அறிய முடியாது என்று 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்திருந்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அந்த ஓர் எண்ணைச் சொல்லித்தான் நிலம் கேட்கிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆலைகள் வரட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் புறம்போக்கை எடுக்கும் முன், அதை நம்பியிருக்கும் கால்நடை எத்தனை, நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். மாற்று மேய்ச்சல் நிலத்தைக் காட்டிவிட்டுத்தான் கிராம சபையில் ஒப்புதல் கேட்க வேண்டும். மேய்க்கால் இன்னும் மிஞ்சியிருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கெடுப்பை அரசு இப்போதே தொடங்கலாம்.