முள் ஏன் ஆடுகிறது?

எங்கள் தாத்தாவின் அம்பாசிடரில் ஸ்பீடோமீட்டர் முள் சாமி வந்த மாதிரி ஆடும். ஒரே சீராகப் போனாலும் 30, 50, மறுபடி 30. மந்தாரக்குப்பம் ரோட்டில் சாம்பல் லாரிகளுக்கு நடுவே நம் வேகம் என்னவென்றே தெரியாது. "2014-லயே தயாரிப்பு நின்னுபோன வண்டி, மீட்டருக்கு எங்க போறது? வித்துடலாம்" என்றார் அப்பா. தாத்தா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மெக்கானிக் அண்ணன் மீட்டரைத் திறக்கவே இல்லை! கேபிளைத்தான் கழற்றினார். கியர்பாக்ஸிலிருந்து உறைக்குள் சுழன்று வரும் முறுக்குக் கம்பி அது. மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் அலுமினியக் கிண்ணம், இரண்டும் தொடாது. காந்தம் சுழன்றால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். கிண்ணமும் அதோடு முள்ளும் திரும்பும், மெல்லிய சுருள்வில் எதிர்த்து இழுக்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

கேபிள் காய்ந்தால் உறைக்குள் சிக்கிச் சிக்கிச் சுற்றும். காந்தமும் அப்படியே. முள் பாவம், என்ன செய்யும்?

கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவினோம். (இழை பிரிந்திருந்தால் புதுசுதான் போடணும்.) பிறகு லேசாக கிரீஸ். மீட்டர் பக்க நுனியில் நாலு விரல் நீளம் தடவக்கூடாது, கிரீஸ் உள்ளே ஏறிவிடும். நான் நுனிவரை அப்பி, தலையில் குட்டு வாங்கினேன்! துடைத்து, உறையை மடங்காமல் மாட்டினோம்.

ஆர்ச் கேட் தாண்டியதும் முள் 40-இல் நின்றது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.