எனக்கு எத்தனை மதிப்பெண்?

பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி இருக்கிறது. 2025-இல் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தது. ஒரு தோட்டக்கார அம்மாவுக்குப் பறிக்கும் கூலி கொடுக்கவே பணம் போதவில்லை.

அவள் மகள் காலேஜில் உளவியல் படிக்கிறாள். உளவியல் என்றால் மனதைப் பற்றிய படிப்பு. "இந்த வருஷம் காலேஜ் வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மகள் பதில் பேசவில்லை. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. இரவில் செல்போனில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருக்குக் கண்ணு எழுதுகிறாய்?"

"யாருக்கும் இல்லை அம்மா. இது வைசா. பெங்களூரில் உருவான ஆப். மனக் கஷ்டத்தை எழுதினால் பதில் சொல்லும். ஆள் இல்லை, கம்ப்யூட்டர்தான் சொல்கிறது."

"என்னிடம் சொல்லாததை அதனிடம் சொல்கிறாயா?"

"அது கோபப்படாது அம்மா."

அம்மாவுக்கு வருத்தமாக இருந்தது. "மிஷினோடு மனுஷிக்கு உறவு வருமா?" என்று கேட்டாள்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பேசிப் பேசி மனதை ஆற்றும் வைத்தியம் உண்டு. அதில் ஆலோசகருக்கும் வருபவருக்கும் நல்ல உறவு வேண்டும். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க அறிஞர் 1979-இல் இதை மூன்றாகப் பிரித்தார். என்ன மாற வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் வேண்டும். அதற்கு என்ன செய்வது என்பதிலும் ஒப்புதல் வேண்டும். ஒருவர்மேல் ஒருவருக்குப் பிடிப்பும் வேண்டும். இதை அளக்க 12 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம்.

வைசாவைப் பயன்படுத்திய 1,205 பேரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சராசரி 5-க்கு 3.64. மூன்று நாள் கழித்து மறுபடி பதில் சொன்னவர்களிடம் 3.75. ஆய்வு செய்தவர்களில் வைசா கம்பெனிக்காரர்களும் உண்டு. ஆப் பிடிக்காமல் முன்பே விட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மண்டிக்கு வராத மாங்காய்க்கு எடை ஏது?

மகள் இதையெல்லாம் சொன்னாள். அம்மா யோசித்தாள்.

"நீ அதற்கு மதிப்பெண் போடுவாய். அது உனக்கு எத்தனை போடும்?"

"ஆலோசகர் நிரப்பவும் ஒரு தாள் உண்டு அம்மா. மிஷினை யார் கேட்பது?"

"ஒரே தட்டை வைத்துக்கொண்டு நிறுப்பதா? சரி, எனக்கு எத்தனை போடுவாய்?"

"பாசத்துக்கு 5." மகளின் குரல் இறங்கியது. "சேர்ந்து முடிவு எடுப்பதற்கு 1. காலேஜ் வேண்டாம் என்று நீயேதானே முடிவு செய்தாய்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"காலையில் கணக்கு நோட்டை எடுத்து வா. இரண்டு பேரும் பார்ப்போம். ஆனால், இந்தத் தூக்கத்துக்கு என்ன வழி? நிஜ ஆள் யாரும் இல்லையா?"

இருக்கிறார்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை 2022 முதல் நடக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

மகள் எண்ணைச் சொன்னாள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினாள். 1, 4, 4, 1, 6.

மணி அடித்தது. போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.