ஒரு கட்டுரையின் பயணம்

ஈப்போவிலுள்ள குனோங் ராபாட், சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த இடமாகும். அது அமைந்துள்ள கிந்தா மாவட்டத்தில், 1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஒரு கொடிய காய்ச்சல் தலைகாட்டியது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடும் தலைவலியுடன் மருத்துவமனைக்கு வந்தனர். சிலர் நினைவிழந்தனர், சிலர் மாண்டனர்.

சில நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. எனவே, கொசு மருந்து தெளித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆயினும், நோய் அடங்கவில்லை. நெகிரி செம்பிலானிலுள்ள புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திற்கும் அது பரவியது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் பயிற்சி பெற்று வந்த மருத்துவர் சுவா காவ் பிங்குக்கு ஐயம் எழுந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கோ, பன்றிகளோடு பழகிய பெரியவர்களே நோயுற்றனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் இருமி மடிந்தன. 1999 மார்ச் மாதத்தில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் அவர் ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அது உலகம் அதுவரை அறியாத நச்சுயிரி. அந்தக் கிராமத்தின் பெயராலேயே அது ‘நிப்பா’ என அழைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

நோய் அடங்கியதோடு ஆய்வாளரின் பணி முடிந்துவிடவில்லை. கண்டதை எழுத வேண்டும்; பிற அறிஞர்கள் அதனைச் சோதித்துப் பார்க்க இடமளிக்க வேண்டும். 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழிலும், 2000இல் ‘சயன்ஸ்’ இதழிலும் சுவாவும் அவருடன் உழைத்த அறிஞர்களும் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. பிறகு தியோமான் தீவில், பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, அவற்றின் சிறுநீரைச் சேகரித்தனர். அதிலும், வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா இருந்தது. இது 2002இல் வெளியான கட்டுரை கூறும் செய்தி. ஈப்போவுக்கு அருகில் நோய் தொடங்கிய பண்ணையில் மாமரங்களும் பன்றிக் கொட்டில்களும் அருகருகே இருந்ததன் பொருள் அப்போது விளங்கியது.

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் மற்றொருவரின் கட்டுரையைச் சான்றாகக் குறிப்பிடுவதையே மேற்கோள் என்கிறோம். 1964இல் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் இத்தகைய மேற்கோள்களைத் தொகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார். 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ‘எச் குறியீடு’ என்ற அளவீட்டை முன்வைத்தார். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவரது குறியீடு பத்து ஆகும். நிப்பாவைப் பற்றிய ‘சயன்ஸ்’ கட்டுரை ஆயிரம் முறைக்கும் மேல் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது.

ஆனால், எண்ணிக்கை மட்டுமே தரத்தைக் காட்டிவிடாது. 1998இல் ‘லான்செட்’ இதழில் 12 பிள்ளைகளை மட்டுமே ஆராய்ந்து, தடுப்பூசியால் மதியிறுக்கம் உண்டாகலாம் என்ற அச்சத்தைக் கிளப்பிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அது பிழையானதென 2010இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றது. எனினும், மறுத்து எழுதியவர்களும் அதனைக் குறிப்பிட்டதால் அதன் மேற்கோள் எண்ணிக்கை பெருகியது. ஆகவே, எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதோடு, எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நிப்பா கட்டுரைகளை அறிஞர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? வங்காளதேசத்தில் இதே நோய் தோன்றியபோது, வௌவால் வாய்வைத்த ஈச்ச மரச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதால் அது பரவுவதைக் கண்டறிந்தனர். 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நோய் பரவியது. முதல் நோயாளி இறந்து மூன்று வாரம் ஆவதற்குள் அது நிப்பா என்று உறுதி செய்யப்பட்டது. நம் நாட்டிலோ அதன் பெயரை அறியவே ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆயின. கேரளத்தில் 17 பேர் உயிரிழந்தனர். ஆனாலும், எதைத் தேட வேண்டும் என்பது அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிந்தாவில் இறந்தவர்களை எந்தக் கட்டுரையும் மீட்டுத் தராது. அவர்களின் நோயிலிருந்து கற்றதை எழுதி வைத்ததால், பின்னால் வந்தவர்கள் முதலிலிருந்து தேட வேண்டிய நிலை ஏற்படவில்லை. ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை மதிப்பிடும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.

சிந்தித்து விடை எழுதுக

1. அந்நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அன்று என மருத்துவர் சுவா ஐயுற்றதற்கான காரணங்கள் யாவை?
2. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு கட்டுரையின் தரத்தை முடிவு செய்யலாமா? விளக்குக.