ஆச்சிமாரிடம் கதை கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு

முகாமிலேயே பிறந்து, கல்லூரிக்கும் போய், இப்போது இலங்கை யுத்தக் கதைகளை எழுதிவைக்க நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பியிருக்கிறீர்கள். நல்லது. குல்லூர்சந்தை, செவலூர், அனுப்பன்குளம், எந்த முகாமுக்குப் போனாலும் இதையெல்லாம் மனதில் வைத்திருங்கள்.

1. எடுத்த எடுப்பில் சாவைக் கேட்காதீர்கள். அதை எத்தனையோ படிவங்களில் நிரப்பிக் கொடுத்துவிட்டோம். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று தொடங்குங்கள்.

2. விளக்கைக் கேளுங்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடை. கிடைத்தாலும் யானை விலை. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. அதைச் சுற்றித் தலை முட்ட நாலு பிள்ளைகள் படிக்கும். இரவு ஒன்பதேகாலுக்குத் தம்பி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவான். டைனமோவில் ரேடியோ உயிர் பெறும், பி.பி.சி. தமிழோசை. வருவதெல்லாம் கெட்ட செய்திதான். ஆனாலும் அயலட்டை முழுக்க எங்கள் முற்றத்தில். செய்தி முடிந்த பிறகும் ஏதாவது பாட்டு அகப்படுமா என்று அவன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருப்பான், ஒருத்தரும் எழும்ப மாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டுவிடாமல் எழுதுங்கள்.

3. பங்கரை இருட்டுக் குழி என்று மட்டும் எழுதாதீர்கள். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய அந்தக் குழி, சித்திரை வெயிலில் என்ன குளிர்ச்சி! பொம்மர் போன பிறகும் அம்மா வெளியே வரமாட்டார். "இங்கே அடுப்படி தேடி வராது" என்பார்.

4. 1995 ஒக்டோபர் 30 வந்தால் குறுக்கே பேசாதீர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை, நாவற்குழிப் பக்கம் அடி வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர் கோழிக்கூட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தார். சொல்லும்போது நான் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள்.

5. தீபாவளிக்கு முந்திய மாதம் கதை கேட்க வர வேண்டாம். 1996இல் படகில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் எங்களை இறக்கிவிட்டது நாட்டுக்கே வெடி செய்யும் இந்தச் சிவகாசிப் பக்கம். கடவுளுக்கும் குசும்புதான். முதல் தீபாவளிக்கு யாரோ அணுகுண்டு வெடிக்க, நாங்கள் குப்புற விழுந்தோம். உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கூடவே படுத்தார்கள். ஷெல்லுக்கு முதலில் குத்தும் சத்தம், பிறகு ஒரு இடைவெளி, அப்புறம்தான் விழும் சத்தம். வெடிக்கு அந்த இடைவெளி இல்லை என்று எனக்குப் பிடிபட மூன்று தீபாவளி ஆனது. அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். நான் பிள்ளைகளை எண்ணுவேன். பக்கத்து வீட்டு மாமி குழம்பில் உப்புப் பார்ப்பார்.

6. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பயர் ஆபீஸ், அதுதான் பட்டாசு ஆலை, வெடித்த நாள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி ரோட்டில் நின்றார்கள். நாங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆறுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினோம். அன்றைக்குத்தான் அவர்கள் எங்களிடம் முதன்முதலாக யுத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். இதையும் உங்கள் புத்தகத்தில் சேருங்கள்.

7. அம்மம்மா, ஆச்சி என்று கூப்பிடுங்கள். பாட்டி என்றால் பதில் வரும், கதை வராது. 2021இல் தமிழக அரசு அகதி முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, நல்ல காரியம்தான். ஆச்சி 'காம்ப்' என்றால் 'காம்ப்' என்றே எழுதுங்கள்.

8. பின்னேரம் மூன்று மணிக்கு வாருங்கள். பெயின்ட் வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், குழாயில் தண்ணீரும் வந்திருக்காது. தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு பேனாவை எடுக்கலாம்.