பொருட்பேறும் பிறப்பும்
இல்லறத்தார்க்குரிய பாடம்



சென்ற பௌர்ணமியன்று முலுண்டில் ஓர் அன்பர் இல்லத்திற் கூடிப் பஞ்சசீலம் ஏற்றபின், முதியவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை விடுத்தார். அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒப்பந்தக் கூலியாக உழைத்தவர், மதுவைத் தீண்டாதவர், வீண்செலவு அறியாதவர். அவர் கேட்டது இது: "ஐயா, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் இன்று மூன்று வீடுகளுக்கு உரியவராயிருக்கிறார். நான் இன்றும் வாடகைக் குடிசையில் இருக்கிறேன். என் முயற்சி குறைந்ததா? அல்லது முற்பிறப்பில் நான் செய்த பாவமா?"

அவையில் இரண்டு விடைகள் எழுந்தன. இளைஞர் ஒருவர், "முயன்றவன் முன்னேறுவான், முயலாதவன் பின்தங்குவான்" என்றார். மூதாட்டி ஒருவர், "எல்லாம் வினைப்பயன்" என்றார். கேட்ட முதியவர் தலைகுனிந்து அமர்ந்தார். இவ்விரு விடைகளும் அவர் நெஞ்சைச் சுட்டன என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒன்று அவரைச் சோம்பேறி என்றது. மற்றொன்று அவரைப் பாவி என்றது. ததாகதரின் அறம் இவ்விரண்டில் எதனைச் சொல்லுகிறது? இரண்டையும் சொல்லவில்லை. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. வினையே யாவுக்கும் காரணமா?

இன்பமும் துன்பமும் யாவும் பழவினையின் பயனே என்று போதித்தோர் பகவன் புத்தர் காலத்திலும் இருந்தனர். பகவன் அக்கொள்கையை ஏற்றாரில்லை. யாவும் முன்னைவினையே எனின், இன்று செய்யத்தக்கது, தவிர்க்கத்தக்கது என்ற பகுப்பே இல்லாமற் போகும். முயற்சிக்கும் இடமிராது என்று மறுத்தார். மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, உடலில் எழும் வேதனைகளுக்கு எட்டுக் காரணங்களைக் கூறினார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என்பன அவை. வினைப்பயன் எட்டில் ஒன்றே என்பதை நாம் மறத்தலாகாது.

ஒருவன் தலையில் மற்றொருவன் கல்லெறிந்தால், அடிபட்டவனை நோக்கி "உன் வினை" என்று கூறிவிட்டு, எறிந்தவனை நாம் விட்டுவிடுவதில்லை. வறுமையின் திறத்தில் மட்டும் அவ்வாறு செய்வது ஏன்? நம் முன்னோரை நிலமற்றவராக்கியோர்க்கு அவ்விடை வசதியாயிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் காணோம். 1891-ம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமைபற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமதாக இல்லாமையே அம்மக்களின் அடிமைத்தனத்திற்கு வேர் என்பதை அது புலப்படுத்திற்று. பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணைகள் அதன் பின்னரே பிறந்தன. நோயின் காரணத்தை முற்பிறப்பில் தேடாது, நிலப்பதிவேட்டில் தேடியதனாலன்றோ மருந்தின் பெயராயினும் தெரிந்தது!

2. நான்கு சம்பத்துகள்

கோலிய நாட்டு இல்லறத்தான் தீகஜானு என்பவன் பகவனை அணுகி, "மனைவி மக்களோடு வாழும் எங்களுக்கு இம்மையில் நலந்தருவது யாது?" என்று கேட்டான். பகவன் நான்கு சம்பத்துகளை உரைத்தார். முதலாவது, ஊக்கத்தோடு தொழில் புரிதல். இரண்டாவது, ஈட்டியதைக் காத்தல். மூன்றாவது, நல்லோர் நட்பு. நான்காவது, வரவறிந்து வாழ்தல்.

இந்நான்கில் பிறப்பென்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். எனினும், இந்நான்கையும் கடைப்பிடிப்பதற்குரிய வாய்ப்பு எல்லோர்க்கும் ஒப்ப வழங்கப்படவில்லை. இதனை நாம் வாழும் இந்நகரைக் கொண்டே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

3. தொழிலின் வாயில்

பம்பாயின் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியின் கூலி, நூற்புப் பகுதியின் கூலியினும் மிகுதி. ஆயினும் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதார் சேர்க்கப்படவில்லை. அறுந்த நூலை நாடாவில் வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டியிருந்தமையால், அவர் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடுவதெங்ஙனம் என்று பிற சாதித் தொழிலாளர் மறுத்தனர். 1928-ம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வநீதியை வெளிப்படையாக எடுத்துரைத்தார். ஒரே ஆலை, ஒரே பத்து மணி நேர உழைப்பு, கூலி மட்டும் வேறு. இங்கே குறைந்தது முயற்சியா?

இது பழங்கதை என்பீராயின், 2007-ம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றைக் கேளுங்கள். பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் செய்தித்தாள் விளம்பரங்களைக் கண்டு, தனியார் நிறுவனங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை அனுப்பினர். வேறுபட்டது விண்ணப்பதாரரின் பெயர் ஒன்றே. உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த அழைப்பினும் தலித் பெயருக்குக் கிடைத்த அழைப்பு குறைவாயிருந்தது. பட்டமும் மதிப்பெண்ணும் பேசுமுன் பெயர் பேசிவிட்டது.

4. காத்தலும் கூரையும்

ஈட்டிய பொருளுக்கு அரசர், கள்வர், நெருப்பு, வெள்ளம், பகைத்த பங்காளிகள் ஆகியோரால் கேடு வரும். ஆதலின் காத்துக்கொள்க என்றார் பகவன். காப்பதற்குச் சுவரும் பூட்டும் வேண்டும். அச்சுவர் நிற்கும் மண் தனக்கு உரியதாயிருத்தலும் வேண்டும்.

சேலம் மாவட்டத்து நிலமற்ற கூலியாளர் ஒருவர் 1961-ல் பஞ்சத்தால் பம்பாய்க்கு வந்தார். நாட்கூலி 23 ரூபாய்க்கு இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பால் அமைந்த ஒதுக்கிடத்துக்கு, குடிசைப்பகுதியை ஆட்டிவைத்த ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. 1981 ஜூலையில் அக்குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். வேலை தேடி அவர் மீண்டும் வந்து நடைபாதையில் தங்கினார். இது கதையன்று, நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம் 1985-ல் அளித்த தீர்ப்பிற் பதிவாகியுள்ளது. வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. எனினும் முன்னறிவிப்போடு அகற்றுவதைத் தடுக்கவில்லை.

2,500 ரூபாயை 23 ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றெட்டு நாளைய கூலிக்குமேல் வரும். அத்தனை நாள் உண்ணாது சேர்த்தாலன்றி ஒரு விரிப்பின் நிழல் கிட்டாது. அதுவும் ஒரு பகலில் மறையும். அரசால் வந்த கேடு இதுவாயின், வெள்ளத்தால் வரும் கேட்டையும் நாம் அறிவோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மாடியில் வாழ்ந்தோர் வெள்ளத்தைப் பார்த்தனர். தாழ்நிலத்துக் குடிசைகளில் வாழ்ந்தோர் வெள்ளத்தில் நின்றனர்.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வாறே. அமெரிக்காவில் 1930-களில் அரசு அமைப்புகள் நகர வரைபடங்களில் கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் செந்நிறத்தாற் குறித்தன. அப்பகுதியினர்க்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. வெள்ளையர் வீடு வாங்கினர். வீட்டின் விலை உயர்ந்தது. அது பிள்ளைகளின் கல்விக்கும் வணிகத்துக்கும் முதலாயிற்று. 1968-ல் வீட்டுவசதியில் இனவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒருசாரார்க்கு உண்டாகி, மறுசாரார்க்கு இல்லாமற் போய்விட்டது.

5. நல்லோர் நட்பும் வளர்ப்பும்

மாதுங்காவைப் பாருங்கள். தமிழ்ப் பிராமணர் பலர் எழுத்தர்களாகவும், தட்டச்சர்களாகவும், கணக்கர்களாகவும் பம்பாய்க்கு வந்து அங்கே குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே நிறுவப்பட்டது. இவர்களிற் பலர் பெருஞ்செல்வத்தோடு வந்தவரல்லர். சிறு பெட்டியோடு வந்தவரே. ஆனால் அப்பெட்டியோடு வேறொன்றும் வந்தது. 1912-ல் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர்; மக்கள்தொகையில் அவர்கள் சுமார் நூற்றுக்கு மூவர். இத்தகைய சமூகத்திற் பிறந்த பிள்ளைக்கு, எழுத்தும் அலுவலகமும் வீட்டுப் பேச்சாகவே அமைந்தன. எங்கே வேலை காலி, யாரிடம் எவ்வாறு பேசுவது, எந்தத் தேர்வுக்கு எப்போது எழுதுவது என்பவற்றை அவன் கேளாமலே கேட்டு வளர்ந்தான்.

தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவரின் பிள்ளைக்கு, அறிவு குறைவா? இல்லை. அவனுக்குச் சொல்லுவார் இல்லை. இதனை நாம் பொறாமையால் கூறவில்லை. அயலார் தம்முள் ஒருவர்க்கொருவர் கல்யாணமித்திரராயிருந்தனர் என்பதை உணர்தற்கே கூறுகிறோம். அதனிடத்து நாம் கற்கவேண்டியது உண்டு.

பாபாசாகேப் வாழ்க்கையையே நோக்குவோம். அவர் தந்தை இராம்ஜி இராணுவத்திற் கல்வி பெற்றுச் சுபேதாராயிருந்தவர். 1907-ல் மகன் மெட்ரிகுலேசன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், ஆசிரியர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அவர் முயற்சியால் பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் 25 ரூபாய் கிடைத்தது; 1913-ல் கொலம்பியாவுக்குச் செல்லவும் மன்னரே உதவினார். பாபாசாகேபின் முயற்சி ஒப்பற்றது. ஆயினும் படித்த தந்தை, வழிகாட்டிய ஆசிரியர், பொருளுதவிய மன்னர் என மூவர் இருந்தனர். அத்தகைய மூவரைப் பெறாது, குடிசைகளில் அறியப்படாமல் மறைந்த அறிவுடையோர் எத்துணையரோ!

மற்றொன்றும் காண்க. அத்துணைக் கல்வியோடு 1917-ல் பரோடா சென்றவர்க்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பம்பாய்க்கு மீண்டு, பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதார் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர் வாரது நின்றனர். பொருளியலில் பேரறிஞராகிய அவர்க்கே பொருளீட்டும் கடை மூடப்பட்டது. முயற்சி ஒன்றே போதும் என்பார், இதற்கு என்ன விடை கூறுவர்?

6. வரவறிந்து வாழ்தல்

வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பங்கை நுகர்ந்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, ஒரு பங்கை இடர்க்காலத்துக்கு வைக்குமாறு சிங்காலனுக்குப் பகவன் உரைத்தார். அரிய அறம் இது. ஆனால் நான்கு பங்கும் அரிசிக்கும் வாடகைக்கும் போதாதவன் எதனைப் பகுப்பான்? நோய் வந்தால் அவன் வட்டிக்கடைக்குச் செல்கிறான். செல்வன் சேமிப்பிலிருந்து வட்டி பெறுகிறான். வறியன் கடனுக்கு வட்டி தருகிறான். ஒரே சிக்கனம் இருவரையும் வேறுவேறு கரையிற் சேர்க்கிறது.

இதனை அறிந்தே பகவன் இல்லறத்தார்க்கு மட்டும் கடமை வகுக்கவில்லை, அரசுக்கும் வகுத்தார். உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், பணியாளனுக்குத் தக்க ஊதியமும் அரசன் தருக என்பது கூடதந்தனுக்கு உரைத்த கதையின் கருத்து. வறியவர்க்குப் பொருள் வழங்காத நாட்டில் வறுமையும், வறுமையால் களவும், களவால் கொலையும் பெருகும் என்பது சக்கரவர்த்தியின் கதையிற் கண்ட உண்மை.

7. நாம் செய்யத்தக்கன

ஈண்டு எனது குற்றம் ஒன்றையும் கூறிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன், நம் இளைஞன் ஒருவன் கல்லூரியில் இடம் பெறாது திரும்பினான். "நீ இன்னும் முயன்றிருக்கவேண்டும்" என்று அவனைக் கடிந்தேன். அவன் மதிப்பெண் போதுமானதே என்பதும், பெற்றோர் தமிழகத்தார் என்பதால் சாதிச் சான்றிதழ் செல்லாதென ஓர் அலுவலகத்தில் கூறிவிட்டனர் என்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன. அவன் அதன்பின் படிக்கவில்லை. என் சொல் அவனுக்குக் கூடுதல் அடியாயிற்று.

ஆதலின் இவற்றை அறிந்துகொள்ளுங்கள். பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினர்க்கு மத்திய அரசின் சலுகைகள் 1990-ம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தன. 1956-க்குப் பின் ஒரு தலைமுறை அதனை இழந்தது. மேலும், ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தோர் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாதென்று உச்சநீதிமன்றம் 1990-லும் 1994-லும் தீர்ப்பளித்தது. மகனுக்குப் பதினேழு வயதாகும்வரை காத்திராது, குடும்பம் எப்போது வந்தது, பூர்வீக ஊர் எது என்பதற்குரிய ஆவணங்களை இன்றே திரட்டிவையுங்கள்.

ஒவ்வொரு பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவிலும் கால்மணி நேரம், வேலைவாய்ப்பு, உதவித்தொகை, தேர்வு நாள் ஆகியவற்றை ஒருவர் படித்துக் கூறட்டும். முன்னேறிய ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குக் கேளுஸ்கராகட்டும். முன்னேறாதாரை எவரும் இகழாதிருக்கட்டும். அந்த முதியவர்க்கு நமது விடை இதுவே: "ஐயா, உமது முயற்சி குறைந்ததன்று, உமது வினையும் இழிந்ததன்று. உமக்கு அடைக்கப்பட்ட வாயில்கள் பல. உம் பெயரர்க்கு அவற்றுள் ஒன்றையேனும் திறப்பது எங்கள் கடமை."

சிந்தனைக்குரிய வினாக்கள்

நான்கு சம்பத்துகளுள் உங்கள் குடும்பத்துக்கு எட்டாமற் போனது எது? அதற்குக் காரணம் உங்கள் பிழையா, பிறர் அடைத்த வாயிலா? உங்களுக்கு வழிகாட்டிய நல்லோர் யார்? நீங்கள் யாருக்கு வழிகாட்டினீர்கள்?

எல்லா உயிர்களும் நலம் பெறுக. சாது! சாது! சாது!